பதினொரு மணிக்குப் பிறகு

ஜூலை 29, திங்கள்

காலை 164/100. மாலை 158/96.

நூருன்னிசா டாக்டர் சொன்னதால் இதை எழுதுகிறேன். எங்கள் இறால் கம்பெனிக்கு மாதம் இரண்டு முறை வருகிற டாக்டர். "காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பிரஷர் பாத்து எழுதுங்க. பக்கத்துல அன்னிக்கு என்ன செஞ்சீங்கன்னு ரெண்டு வரி. மறைக்காம எழுதணும்" என்றார். என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? பிரஷர் மெஷின் மகள் ஓசூரிலிருந்து வாங்கி அனுப்பியது.

போன வாரம் தரம் பிரிக்கிற மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. இறால் கூடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். கூட வேலை பார்க்கிற செலின்தான் நான் விழுந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முப்பத்தொரு வருஷமாக ஐஸ் தண்ணீர் ஓடுகிற தரையில் ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்கிறவளுக்கு ஒரு நாள் கண் இருட்டக் கூடாதா?

ஜூலை 31, புதன்

காலை 160/98.

மானேஜர் தனபாலன் சார் அவருடைய அறைக்குக் கூப்பிட்டார். நாளையிலிருந்து எனக்குப் பாதி ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வந்து பதினொரு மணிக்குப் போய்விடலாம். ஜனவரி கடைசியில் ஓய்வு பெறும்வரை அப்படித்தான். சம்பளம் முக்கால் பங்கு.

"எம் மேல எதுவும் புகார் வந்திருக்கா சார்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா. ரிட்டயர் ஆகப்போறவங்களுக்குக் கடைசி ஆறு மாசம் பாதி ஷிப்ட்னு இந்த வருஷம்தான் கொண்டுவந்திருக்கோம். டாக்டர் முதல் பேரா உங்க பேரைத்தான் எழுதினாங்க."

முதல் பேர் என்றால் பெருமைப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டேன். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்த அறையில் ஏசி அதிகம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலை 158/98. மாலை 148/90.

பதினொரு மணிக்கு பூட்ஸைக் கழற்றி வைத்தேன். மேசையில் நாற்பது பெண்கள் குனிந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நிமிர்ந்தால் மேற்பார்வை பார்க்கிற நான்தான் திட்டுவேன், அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்த நேரத்து பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து பதறி எழுந்தார். "என்ன வடிவு, மறுபடி விழுந்துட்டியா?" பாதி ஷிப்ட் விஷயத்தை அவரிடம் சொல்ல மறந்திருந்தேன்.

சாப்பிட்டுப் படுத்தேன். எழுந்தபோது மணி நாலு. பகலில் நான் கடைசியாகத் தூங்கியது மகள் பிறந்தபோதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலை 144/88. மாலை 138/86.

கால் வீக்கம் குறைந்திருக்கிறது. செருப்பின் வார் இப்போது கடைசி ஓட்டைக்கு முந்தின ஓட்டையில் நிற்கிறது. மத்தியானம் தூங்குவது பழக்கமாகிவிடும்போலிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. தெருவில் யாராவது கூப்பிட்டால் "உள்ளே வேலையா இருக்கா" என்று அவரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

அவர் அதிகம் பேசுவதில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. நான் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நாளெல்லாம் என்ன செய்வார் என்று இதுவரை எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். டிவியைப் பார்ப்பதுமில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலை 138/86. மாலை 136/84.

காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "நம்ம தெருவுலயும் பக்கத்துத் தெருவுலயும் சேத்து எழுவத்திரண்டு வீடு. எத்தனை பேரு வீட்டுல மாவு அரைக்காவன்னு நெனைக்க?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்?"

"பதினாலு வீடு. மீதி அம்புட்டுப் பேரும் கடையில வாங்குதாவ. அதுவும் புளிச்ச மாவு." கேட்டு எண்ணியே வைத்திருக்கிறார். "ஒன் கைப்பக்குவம் யாருக்கு வரும்? பதினொரு மணிக்கு மேல நீ சும்மாதான இருக்க. ரெண்டு பேருமா சேந்து இட்லி மாவு போட்டா என்ன?"

அவர் தொடர்ந்தாற்போல் இவ்வளவு பேசி மூன்று வருஷம் ஆகிறது. கண்ணில் ஒரு வெளிச்சம். கல்யாணமான புதிதில் பெரிய கப்பல் வந்த நாட்களில் இப்படித்தான் வந்து பேசுவார்.

சரி என்றேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலை 140/86.

பத்து லிட்டர் கிரைண்டர் வந்துவிட்டது. வாசலில் பலகையும் மாட்டிவிட்டார். "வடிவு இட்லி மாவு". என் பெயரை இவ்வளவு பெரிய எழுத்தில் நான் பார்த்ததில்லை. ரேஷன் கார்டில்கூடத் தப்பாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலை 150/92. மாலை 156/94.

மாவு நன்றாகப் போகிறது. பதினொன்றரைக்கு வந்து உளுந்து கழுவி அரைத்து, பிறகு அரிசி அரைத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து, கல்லைக் கழுவி, கவரில் ஊற்றிக் கட்ட ஐந்து மணி ஆகிவிடுகிறது. அவர் வாசலில் நின்று விற்கிறார். வருகிறவர்களிடம் அத்தனை கலகலப்பாகப் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மடங்கு அரைக்க வேண்டும்.

எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலை 156/96. மாலை 166/100.

கிரைண்டர் கல்லைத் தூக்கும்போது இடுப்பில் ஒரு பிடிப்பு. தைலம் தேய்த்தேன். கஷ்டமில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

டாக்டர் கம்பெனிக்கு வந்தார். இந்த நோட்டைக் காட்டச் சொன்னார். வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னேன். பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. வீட்டுக்கு வந்தபிறகுதான் பார்த்தேன்.

செப்டம்பர் 19, வியாழன்

மெஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஒரு வாரமாகப் பார்க்கவில்லை. வாங்க வேண்டும்.

பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினேன். நடந்து வந்தேன். உளுந்து ஊறிக் காத்திருந்தது. அவரும் காத்திருந்தார். "இன்னைக்கு லேட்டாயிட்டே" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் சௌகரியமாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 26, வியாழன்

பத்தே முக்காலுக்கு மேல் எனக்குக் கிளம்ப மனசு வரமாட்டேன் என்கிறது. எல்லா மேசையையும் இன்னொரு சுற்றுப் பார்க்கிறேன். எடைபோட்ட தட்டை மறுபடி எடைபோடுகிறேன். செலின் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"வடிவக்கா, மணி பதினொண்ணே கால். வீட்டுக்குப் போகலையா?"

"இந்தக் கூடையப் பாத்துட்டுப் போறேன்."

"அந்தக் கூடைய நீங்க மூணு தடவ பாத்துட்டிய."

செப்டம்பர் 30, திங்கள்

மானேஜரைப் பார்த்தேன். எனக்கு மறுபடி முழு ஷிப்ட் வேண்டும் என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, சம்பளம் பத்தலையா?"

"சம்பளத்துக்காக இல்ல சார்."

"பின்ன?"

"சும்மா இருந்து பழக்கமில்ல சார்" என்றேன். சும்மா என்ற சொல் வாயில் வந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு படிவத்தைக் கொடுத்து, டாக்டர் அதில் கையெழுத்துப் போட்டால் தருவதாகச் சொன்னார். டாக்டர் நாளைக்கு வருகிறார்.

அக்டோபர் 1, செவ்வாய்

டாக்டர் அறையில் 172/104.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டாக்டர் நோட்டைக் கேட்டார். இந்தத் தடவை கொடுத்தேன். பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஆகஸ்ட் மாதத்தில் விரலை வைத்து, "இங்க எவ்வளவு அழகா இறங்கியிருக்கு" என்றார். பிறகு செப்டம்பருக்கு வந்தார். "ஞாயித்துக்கிழமை மத்த நாளைவிட ஏறுது. லீவு நாள்ல எல்லாருக்கும் குறையும். உங்களுக்கு ஏன் ஏறுது?"

"தெரியல டாக்டர்."

"அப்ப ஃபுல் ஷிப்ட் எதுக்குக் கேட்டீங்க?"

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். "அங்கன வேலைக்கு ஒரு முடிவு இருக்கு டாக்டர். மூணரைக்கு மணி அடிச்சா முடிஞ்சிரும். வீட்டுல மணி அடிக்க ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷத்தில் கம்பெனிக்குள் நான் அழுததில்லை. கையில் இறால் முள் ஏறி நகம் பெயர்ந்தபோதுகூட.

டாக்டர் தண்ணீர் கொடுத்தார். மாவு, கிரைண்டர், பலகை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு அந்தப் படிவத்தை மடித்து மேசை டிராயருக்குள் போட்டுவிட்டார். "இதுல கையெழுத்துப் போடமாட்டேன். உங்களுக்குப் பாதி நாள் வேலை குறைச்சது நீங்க ஓய்வு எடுக்கத்தான். வேற வேலை பாக்கறதுக்கு இல்ல. இந்த 172 விளையாட்டு இல்லம்மா. பக்கவாதம் வந்தா மாவு அரைக்கறதும் கிடையாது, இறாலும் கிடையாது. மாத்திரையை மாத்தித் தர்றேன். ஆனா வீட்டுக்காரர்ட்ட நீங்கதான் பேசணும். அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல."

அக்டோபர் 2, புதன்

மெஷினுக்குப் பேட்டரி வாங்கிப் போட்டேன். காலை 164/98.

காந்தி ஜெயந்தி, கம்பெனி லீவு. அவர் கொல்லையில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"கம்பெனியில ஃபுல் ஷிப்ட் கேட்டேன்" என்றேன்.

"என்னத்துக்கு? மாவு யாரு அரைக்க?"

"அதுக்குத்தான் கேட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி ஊற்றினார்.

"இங்க பாருங்க. எட்டு மணி நேரம் ஐஸ் தண்ணியில நிக்கது எனக்குச் சொகமாத் தோண ஆரம்பிச்சிட்டு. அம்புட்டு அலுப்பா இருக்கு. நேத்து பிரஷர் நூத்தி எழுவத்திரண்டு. டாக்டரம்மா பக்கவாதம்னு சொல்லுதாவ."

அவர் கை அரிசிக்குள்ளேயே நின்றுவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லலையே வடிவு. நீயும் சந்தோசமாத்தான் செய்யுதன்னு நெனச்சேன்."

"நீங்க சந்தோசமா இருந்திய. அதைப் பாத்துத்தான் செஞ்சேன்."

"அப்ப எனக்காகத்தான் இம்புட்டும்."

"மூணு வருசமா அந்த நாக்காலியில உக்காந்திருந்தத நானும் பாத்தேம்லா. மறுபடி அதுல போயி உக்காந்திருவியளோன்னு பயம்."

அவர் அரிசியை அப்படியே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சட்டையைப் போட்டு வெளியே போனார். ஊறின அரிசியை நான் அரைக்கவில்லை. அரைக்காமல் இருப்பதும் ஒரு வேலையாகத்தான் இருந்தது.

அக்டோபர் 3, வியாழன்

காலை 156/94. அவர் பேசவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

காலை 154/94. மாலை 150/92.

வேலை முடிந்து வந்தால் வாசலில் பலகை இல்லை. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை.

நானே போய்ப் பலகையை எடுத்து மாட்டி, உளுந்தை ஊறப் போட்டுவிடலாம் என்று அடுப்படி வரைக்கும் போனேன். டப்பாவைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

காலை 148/90. மாலை 142/88.

பாத்திரத்தோடு வந்தவர்களை அவரே வாசலில் நின்று, "இந்த வாரம் லீவு" என்று திருப்பி அனுப்பினார். மத்தியானம் உண்மையிலேயே தூங்கிவிட்டேன். எழுந்தபோது தலைமாட்டில் டீ இருந்தது. ஆறிப்போயிருந்தது. எழுப்பாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"உளுந்து எம்புட்டு நேரம் ஊறணும்?" என்று சாயங்காலம் கேட்டார்.

நாலு நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. சொன்னேன். அரிசிக்கு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றும் கேட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். "நீ எந்திரிச்சு வரக் கூடாது. சந்தேகம்னா நான் வந்து கேப்பேன்" என்றார்.

அக்டோபர் 9, புதன்

காலை 144/88.

அவர் தனியாக அரைத்த முதல் மாவு. இட்லியைச் சுவரில் எறிந்தால் சுவருக்குத்தான் சேதம். மூன்றாம் வீட்டு அம்மா கவரைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். நான் உள்ளே படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போக வேண்டும் என்று கால் துடித்தது. அவர், "தப்பு எம்மேலதான், நாளைக்கு நல்ல மாவாத் தாறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிரேன் ஓட்டின காலத்தில் தன் மேல் தப்பு என்று அவர் யாரிடமும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

காலை 140/86. மாலை 138/86.

அவரோடு துறைமுகத்தில் வேலை பார்த்த லூர்து அண்ணன் இப்போது தினமும் வருகிறார். அவருக்கும் வீட்டில் நாற்காலிதான். இரண்டு பேரும் கிரைண்டர் கல்லை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, "மெல்ல, மெல்ல, எறக்கு" என்று சரக்கு இறக்குவது போல் இறக்குகிறார்கள். உளுந்து பொங்கி வந்தால் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். மாவு இப்போது பரவாயில்லை. என் பக்குவம் இல்லை. ஆனால் பரவாயில்லை.

பலகையும் மறுபடி ஏறிவிட்டது. என் பெயர் இருந்த இடத்தில் வெள்ளை அடித்து, "ஆவுடையப்பன் இட்லி மாவு" என்று எழுதியிருக்கிறார்.

"ஒங்கிட்ட கேக்காம ஒம் பேரப் போட்டுட்டேன். அது தப்பு" என்றார்.

பெயர் போனதில் ஒரு நிமிஷம் வருத்தமாகத்தான் இருந்தது. எழுதச் சொன்னார் டாக்டர், அதனால் எழுதுகிறேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மகள் குடும்பத்தோடு வந்திருக்கிறாள். மெஷினைத் தேடவே இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

டாக்டர் அறையில் 136/84.

டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். "மத்தியானம் என்ன செய்றீங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் செய்யல" என்றேன். அப்படியே எழுதிவைக்கச் சொன்னார். எழுதிவிட்டேன்: ஒன்றும் செய்யவில்லை. தூங்கினேன், எழுந்தேன், வெயில் இறங்கினதும் கால்வலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்தேன், கடற்கரைச் சாலை வரை நடந்து திரும்பினேன்.

டிசம்பர் 5, வியாழன்

காலை 134/84.

அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. லூர்து அண்ணனும் மூச்சு வாங்குகிறது என்கிறார். இரண்டு பேரும் வாசல்படியில் உட்கார்ந்து யோசித்து, வாரத்தில் நாலு நாள் மட்டும்தான் மாவு, மத்தியானம் ஒரு மணிக்குக் கடை மூடல் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. "நமக்கும் பாதி ஷிப்ட்தான் சரிப்படும் போல" என்றார் அவர் என்னிடம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

காலை 132/82.

மானேஜர் கூப்பிட்டார். இந்த மாதத்தோடு என் வேலை முடிகிறது. புதுப் பெண்களுக்குத் தரம் பிரிக்கச் சொல்லிக்கொடுக்க, காலையில் மட்டும் வந்துபோக முடியுமா என்று கேட்டார். "யோசிச்சுச் சொல்லுதேன் சார்" என்றேன். வேலை விஷயத்தில் யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை.

அவரிடம் சொன்னேன். என்ன செய்யட்டும் என்று கேட்கவில்லை, சொன்னேன். "ஒனக்கு எப்படித் தோணுதோ" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து வந்து, "எத்தனை நாளுன்னு மொதல்ல கேட்டுக்க" என்றார்.

ஜனவரி 24, வெள்ளி

வாரத்தில் மூன்று நாள், பதினொரு மணி வரை, ஏப்ரல் பதினைந்தாம் தேதிவரை மட்டும் என்று சொன்னேன். மானேஜர் ஒத்துக்கொண்டார். இன்னும் ஒரு நாள் குறைத்துக் கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

ஜனவரி 31, வெள்ளி

காலை 130/82.

கடைசி நாள். பூமாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். பேசச் சொன்னார்கள். எல்லோரும் கையை நன்றாகத் துடைத்துவிட்டுக் கேக் எடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பதினொரு மணிக்கு செலின் என்னோடு வாசல்வரை வந்தாள். அவளுக்கு ஐம்பத்தாறு ஆகிறது. ஒரு வருஷமாகக் காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிகிறது, பூட்ஸுக்குள் துணி சுற்றிக்கொண்டு நிற்கிறாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, எனக்குத் தெரியும்.

"அக்கா, நானும் மானேஜர்ட்ட பாதி ஷிப்ட் கேக்கலாம்னு இருக்கேன். எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. குடுப்பாவளா?"

"கேளு. டாக்டரம்மாட்ட காலைக் காட்டிட்டுக் கேளு. நான் விழுந்த பொறவுதான் எனக்குக் கெடச்சுது. நீ விழுகதுக்கு முந்தியே கேளு."

"அப்ப விழுந்தேன்னு ஒத்துக்கிட்டிய."

"விழுந்தேன்தான்."

அவள் உள்ளே போகத் திரும்பினாள். நான் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"செலின், மானேஜர்ட்ட கேக்கதுக்கு முன்னால ஒண்ணு செய்யி. பதினொரு மணிக்கு மேல ஒனக்கு என்ன வேலை வச்சிருக்காவன்னு மொதல்ல வீட்டுல கேட்டுக்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்றுதான் முறைத்தேன். பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாட்ச்மேன் எட்டிப் பார்க்கிற அளவுக்கு இரண்டு பேரும் நின்று சிரித்தோம்.